இடது காது மடலுக்கு ஒரு எலும்பு

கெண்ட்ரா ஹ்ருஸ்காவின் கண்ணுக்குத் தப்பி அந்த ஏலக்கூடத்தில் ஒரு ஈ கூட இறக்கை அசைக்க முடியாது.

சனிக்கிழமை என்றால் வெஸ்லி க்ரீக்கில் மாட்டு ஏலம். மேடையில் அவளுடைய சித்தப்பா எல்டன் மூச்சு விடாமல் விலை பாடுவார். கீழே, மாடு சுற்றி வரும் வளையத்துக்குள், கையில் ஒரு கம்புடன் கெண்ட்ரா நிற்பாள். சுற்றிலும் படிப்படியாக உயரும் பெஞ்சுகளில் பண்ணைக்காரர்கள். ஒருவரும் வாயைத் திறந்து விலை கேட்க மாட்டார்கள். பக்கத்துப் பண்ணைக்காரனுக்குத் தெரிந்துவிடுமே. நம் ஊர்ச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பேசும் என்றால், இங்கே அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் தொப்பி பேசும், புருவம் பேசும், மூக்குக் கண்ணாடி பேசும். ஆர்லோ தொப்பியின் விளிம்பைத் தொடுவார். டெலோரஸ் அம்மாள் கண்ணாடியை மேலே தள்ளுவார். மெர்ல் சுண்டு விரலைக் கொக்கி மாதிரி வளைப்பார். அந்த அசைவைப் பிடித்து, விலை வந்துவிட்டது என்று எல்டனுக்குத் தெரிய, "யெப்" என்று கூடமே அதிரக் கத்த வேண்டும். பதினாறு வயதிலிருந்து அதுதான் அவள் வேலை. இப்போது வயது முப்பத்து மூன்று.

இத்தனை காலத்தில் அவள் பிடித்த அசைவு ஒன்றே ஒன்றுதான் தப்பாகப் போனது.

போன ஜனவரியில் நடந்தது அது. லவெர்ன் என்று ஒரு பெரியவர், ஏலத்துக்குத் தவறாமல் வருகிறவர். அவருடைய அடையாளம் வலது கை. முழங்காலில் வைத்திருக்கும் கையை லேசாக வழுக்க விடுவார், அவ்வளவுதான். அன்றைக்கும் கை வழுக்கியது. கெண்ட்ரா "யெப்" என்றாள். எல்டன் சுத்தியலைத் தட்டினார். கறுப்புக் கிடேரி லவெர்னுக்கு என்று முடிந்தது.

பின் பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து ஓடி வந்தாள். யாரோ ஒரு பண்ணைக்காரரின் மகள். எங்கோ பெரிய ஊரில் நர்ஸ்.

"மாட்டை விடுங்க, மனுஷனைப் பாருங்க," என்றாள்.

அவரைச் சிரிக்கச் சொன்னாள். முகத்தில் பாதிதான் சிரித்தது. பக்கவாதம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவள் செய்ததை எல்லாம் கெண்ட்ரா கம்பைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

லவெர்ன் பிழைத்துக்கொண்டார். வலது கை மட்டும் முன்போல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அதனால் இப்போதெல்லாம் இடது கையால் இடது காது மடலை இழுத்து விலை கேட்கிறார்.

"உயிரும் பொழைச்சுது, கிடேரியும் கெடைச்சுது. இதுல உனக்கு என்னம்மா வருத்தம்?" என்று அவரே கேட்டார்.

"ஒரே கையைத்தான் நாங்க ரெண்டு பேரும் பார்த்தோம். நான் விலையைப் பார்த்தேன், அந்தப் பொண்ணு நோயைப் பார்த்துச்சு," என்றாள் கெண்ட்ரா.

அடுத்த வாரமே, முப்பது மைல் தள்ளியிருந்த கம்யூனிட்டி காலேஜுக்குப் போய் நர்சிங் படிப்புக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று கேட்டு வந்தாள்.

எல்டன் வயிறு குலுங்கச் சிரித்தார். "நீ நர்சா? நோயாளி வலியில தலையை ஆட்டினா, 'யெப்'னு கத்திட்டு ரெண்டாவது ஊசியும் போட்டுருவே."

"உங்களுக்குத்தான் சித்தப்பா முதல் ஊசி. இடம் நான் பார்த்து வச்சிருக்கேன்," என்றாள் கெண்ட்ரா.

ஆனால் காலேஜில் சொன்ன கணக்கு சிரிக்கிற மாதிரி இல்லை. இருபத்து நாலு இடம். விண்ணப்பிப்பவர்கள் நூற்றைம்பதுக்கு மேல். எல்லாவற்றுக்கும் பாயிண்ட். உடற்கூறு பாடத்தில் 'ஏ' வாங்காதவர்கள் விண்ணப்பத்தை அனுப்பலாம், தபால் செலவு இல்லை என்பதால். மற்றபடி பிரயோசனமில்லை. மறுபடி எழுதலாம் என்றால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

தனியாக மாட்டிக்கொள்ளப் பிடிக்காமல், உடற்கூறு வகுப்பில் சேரும்போது கெண்ட்ரா மாயேலாவையும் இழுத்துக்கொண்டாள். மாயேலா ஏலக்கூடத்தின் சின்ன ஓட்டலில் சமையல் பார்ப்பவள். புளிப்புச் செர்ரிப் பழம் அடைத்துச் சுட்ட பை என்ற இனிப்பும், சனிக்கிழமை மட்டும் ஆவி பறக்கும் தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டையும் செய்வாள். அதற்காகவே மாடு வாங்காதவர்களும் ஏலத்துக்கு வருவார்கள். உண்மையில் அவளை இழுக்க வேண்டியே இருக்கவில்லை. இரண்டு வருஷமாகவே அந்தக் காலேஜ் பக்கத்தைச் செல்போனில் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தவள் அவள்.

"எனக்கு ஸ்பானிஷ் தெரியும்கிறதுக்குத் தனி பாயிண்ட் இருக்குடி," என்றாள் மாயேலா.

"உனக்கென்னடி, வாயைத் திறந்தா பாயிண்ட். எனக்கு வாயைத் திறந்தா பூஜ்யம்," என்றாள் கெண்ட்ரா.

அதுவும் பொய் இல்லை. செப்டம்பரில் வந்த முதல் சின்னப் பரீட்சையில் கெண்ட்ரா எலும்புகளை ஏலப் பாட்டாகவே மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தாள். சித்தப்பாவின் ராகம் பிறந்ததிலிருந்து காதில் ஓடுகிறதே. பரீட்சை நடுவில், தன்னை அறியாமல் அது வாய் வழியாக வெளியே வந்துவிட்டது. வகுப்பே திருப்தியாக எழுதிக்கொண்டது. டாக்டர் ஓஸ்டர்கார்ட் கெண்ட்ராவின் தாளில் மட்டும் பெரிய வட்டமாகப் பூஜ்யம் போட்டார்.

டாக்டர் ஓஸ்டர்கார்ட் உடற்கூறு சொல்லித் தருபவர். மினியாபொலிஸிலிருந்து இரண்டு வருஷத்துக்கு முன் வந்தவர். ஒல்லியாக, நேராக, தானே ஒரு எலும்புப் படம் மாதிரி நிற்பார். மாட்டை அவர் தட்டில்தான் பார்த்திருந்தார்.

"பரீட்சை அறையில் இன்னொரு தரம் உங்க குரல் கேட்டா, நீங்க வெளியில் நின்னு பாடலாம்," என்று சொல்லியிருந்தார்.

இனி 'ஏ' வேண்டுமென்றால் கடைசி எலும்புப் பரீட்சையில் கிட்டத்தட்ட எல்லாமே சரியாக வர வேண்டும். வாயும் திறக்கக் கூடாது. என்ன செய்வது?

ஒரு மத்தியானம், மாடுகளே இல்லாத ஏலக்கூடத்தில் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். மணிக்கட்டில் இருக்கும் எட்டுக் குட்டி எலும்புகள் கெண்ட்ராவின் தலையில் நிற்க மறுத்தன. எல்லாம் கூழாங்கல் மாதிரியே இருந்தன. எரிச்சலில் எதிர்ப் பெஞ்சுகளை வெறித்தாள். காலியாகத்தான் இருந்தன. ஆனால் அவள் கண்ணுக்கு எந்தப் பெஞ்சும் என்றைக்குமே காலி இல்லை. அந்த மூலை ஆர்லோவுடையது. நடுவில் தூணுக்குப் பக்கத்தில் டெலோரஸ். கதவோரம் மெர்ல்.

"மாயேலா, இந்தக் கொக்கி வச்ச எலும்பு பேரு என்ன?"

"ஹாமேட்."

"அது மெர்ல். சுண்டு விரலைக் கொக்கி போடுவாருல்ல? பிறை மாதிரி இருக்கிறது?"

"லூனேட்."

"டெலோரஸ் அம்மா. கண்ணாடியை மேல தள்ளும்போது புருவம் பிறையா வளையும்."

மாயேலா புத்தகத்தை மூடிவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "படகு மாதிரி இருக்கிற ஸ்கேஃபாய்ட் ஆர்லோ. அவரு தொப்பி கவுத்துப் போட்ட படகுதானே."

அவ்வளவுதான். அடைத்துக் கிடந்த மதகு திறந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் மண்டை ஓட்டு எலும்புகள் எல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்தாயிற்று. முதுகெலும்பு நடு வழிப் படிகளில் ஏறியது. கால் எலும்புகள் கழிப்பறைப் பக்கம் போயின. பட்டாணி அளவில் ஒரு எலும்பு மிச்சம் இருந்தது, பிஸிஃபார்ம் என்று. அதை லவெர்னின் இடது காது மடலில் தொங்கவிட்டார்கள்.

அன்றிலிருந்து சனிக்கிழமை ஏலமே பாடமாகிவிட்டது. டெலோரஸ் கண்ணாடியைத் தள்ளினால் கெண்ட்ரா வெளியே "யெப்" என்பாள், உள்ளே "லூனேட்" என்பாள். ஓட்டல் ஜன்னலிலிருந்து மாயேலா கரண்டியை நீட்டி அடுத்த ஆளைக் காட்டுவாள். ஒரு தடவை இரண்டும் குழம்பிப் போய், கெண்ட்ரா, "லூனேட்" என்றே கத்திவிட்டாள். எல்டன் பாட்டை நிறுத்தாமல், "லூனேட்டுக்கு மேல யாரு?" என்று கேட்டுவிட்டு ஒரு காளையை விற்று முடித்தார். கூடம் சிரித்து ஓய ஐந்து நிமிஷம் ஆனது.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை அந்தக் கடைசிப் பரீட்சை. அறை முழுக்க மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு எலும்பு. மணி அடித்தால் அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். ஒவ்வொரு எலும்பின் பெயரையும் தாளில் எழுத வேண்டும். மூச்சுச் சத்தம் தவிர வேறு சத்தம் கூடாது.

கெண்ட்ரா உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு முதல் மேஜைக்குப் போனாள். கண்ணை மூடினாள். ஏலக்கூடம் வந்தது. பெஞ்சு வந்தது. ஆளும் வந்தார். ஆளுடைய அடையாளத்தைக் கை தானாகச் செய்தது. செய்த உடனே பெயர் வந்தது. எழுதினாள். அடுத்த மேஜை. தலையில் இல்லாத தொப்பியின் விளிம்பைத் தொட்டாள். எழுதினாள். அடுத்த மேஜை. மூக்கைச் சொறிந்தாள். எழுதினாள். நிலத்திலேயே கால் படவில்லை, மிதந்துகொண்டிருந்தாள்.

மூன்று மேஜைக்கு அப்பால் மாயேலா, தான் என்றைக்குமே போடாத கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஓஸ்டர்கார்ட் இங்கே பார்த்தார். ஒருத்தி காது மடலை இழுக்கிறாள். அங்கே பார்த்தார். இன்னொருத்தி சுண்டு விரலை வளைக்கிறாள். மறுபடி இங்கே பார்த்தார். இவள் கண்ணடிக்கிறாள். அது டுவேன் என்பவருடைய அடையாளம், தோள்பட்டை எலும்பு என்பது அவருக்கு எப்படித் தெரியும்? சத்தமில்லாமல் வந்து இரண்டு தாள்களையும் உருவிக்கொண்டார்.

"என் அறைக்கு வாங்க. ரெண்டு பேரும்."

அறையில் கெண்ட்ரா நடந்ததை நடந்தபடி சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது.

"அதாவது, பிஸிஃபார்ம் ஒரு பண்ணைக்காரருடைய காதில் இருக்கு," என்றார் டாக்டர்.

"இடது காதுல, டாக்டர்."

"நான் ரொம்ப வருஷமா காப்பி அடிக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். உள்ளங்கையில எழுதிட்டு வருவாங்க, தண்ணி பாட்டில்ல ஒட்டிட்டு வருவாங்க. மாடு வாங்குறவங்க மேல பழியைப் போட்டவங்க நீங்கதான் முதல்."

"நான் எழுதினது அவளுக்குத் தெரியாது, அவ எழுதினது எனக்குத் தெரியாது. வேணும்னா தாளை ஒத்துப் பாருங்க," என்றாள் மாயேலா.

"பார்த்தேன். ரெண்டுலயும் எழுதின வரைக்கும் எல்லாம் சரியா இருக்கு. அதுதான் பிரச்சினை." டாக்டர் பேனாவை மூடினார். "நாளைக்குக் காலையில வாங்க. தனித்தனியா. நான் காட்டுவேன், நீங்க பேர் சொல்லணும். கை ரெண்டும் தொடைக்கு அடியில இருக்கணும். தெரிஞ்சா மார்க்கு. தெரியலைன்னா இந்த விஷயம் மேலிடத்துக்குப் போகும். அப்புறம் நர்சிங் விண்ணப்பத்தைப் பத்தி நாம பேச வேண்டி இருக்காது."

விண்ணப்பத்துக்குத் திங்கட்கிழமை கடைசி நாள்.

திரும்பி வரும் வழியில் மாயேலாதான் வண்டியை ஓட்டினாள். பக்கத்தில் கெண்ட்ரா கைகளைத் தொடைக்கு அடியில் திணித்து உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லு. படகு," என்றாள் மாயேலா.

"ஆர்லோ."

"ஆர்லோவோட எலும்புடி."

"தொப்பியைத் தொட்டாத்தான் வரும். உனக்கு எப்படி வருது?"

"எனக்கு ஆளு மூஞ்சி போதும். என்ன சாப்பிடுவாருன்னும் ஞாபகம் வரும். ஆர்லோ செர்ரி பை, ரெண்டு துண்டு."

"நான் இப்ப எங்கடி போய்ச் சமைக்கக் கத்துக்குவேன்?"

இருவருக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திச் சிரித்தார்கள். அழ வேண்டிய நேரத்தில் வரும் சிரிப்புக்கு அணை போட யாரால் முடியும்?

"நமக்கு ஒரே ஒரு இடம்தான் மிச்சம்னா என்ன பண்றது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள் மாயேலா.

"ஏலம் விட்டுருவோம்," என்றாள் கெண்ட்ரா.

மறுநாள் காலை மாயேலா முதலில் போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, நடைபாதையில் நின்ற கெண்ட்ராவைப் பார்த்து, கட்டை விரலைத் தூக்கப் போனவள் உஷாராகக் கையைப் பையில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே ஒரு நாற்காலி. கெண்ட்ரா கைகள் மேலேயே உட்கார்ந்தாள். எதிரே கொக்கியில் தொங்கும் முழு எலும்புக்கூடு. டாக்டர் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். பெரிய எலும்புகளுக்குப் பயமில்லை. தொடை, தோள், விலா எல்லாம் மளமளவென்று வந்தன. பென்சில் கை வழியாக இறங்கி மணிக்கட்டில் நின்றது.

ஒன்றும் வரவில்லை.

தொடைக்கு அடியில் விரல்கள் தவித்தன. ஆர்லோ பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கல் மாதிரி. டெலோரஸ் அம்மாள் கல் மாதிரி. அசைவில்லாத ஏலக்கூடத்தை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. நெற்றியில் வியர்வை வழிந்து மூக்கு நுனிக்கு வந்தது. துடைக்கக் கை இல்லை.

"நேரம் எடுத்துக்கோங்க," என்றார் டாக்டர். அந்தக் குரலில் முடிவு தெரிந்துவிட்டவர்களின் கனிவு இருந்தது. அதுதான் கெண்ட்ராவை உசுப்பியது.

"டாக்டர், ஒண்ணு கேக்கலாமா? பரீட்சையில பேசக் கூடாதுன்னு சொன்னது மத்தவங்க காதுல விழக் கூடாதுன்னுதானே?"

"ஆமா."

"இங்க யாரு இருக்கா?"

டாக்டர் எலும்புக்கூட்டைப் பார்த்தார். "இவர் பரீட்சை எழுதல. நீங்க பேசலாம்."

"பேச்சு இல்ல டாக்டர், கொஞ்சம் வேற மாதிரி வரும்."

"கை மட்டும் வெளிய வரக் கூடாது."

கெண்ட்ரா மூச்சை இழுத்தாள். மூன்று மாதமாகக் காலேஜில் பூட்டி வைத்திருந்த வாயைத் திறந்தாள்.

"படகு படகு படகு வருது, ஸ்கேஃபாய்ட் படகு, தொப்பிக்காரர் கேக்குறாரு, தொட்டாரு தொட்டாரு, யெப், ஆர்லோவுக்கு. பிறை பிறை பிறை வருது, லூனேட் பிறை, கண்ணாடி ஏறுது, யெப், டெலோரஸுக்கு. மூணு மூலை டிரைக்வெட்ரம், எதிர் மூலை பெஞ்சு கேக்குது, கேக்குது, யெப். பட்டாணி பட்டாணி, பிஸிஃபார்ம் பட்டாணி, காது மடல் யாரு இழுக்குறா, லவெர்ன் இழுக்குறாரு, யெப்."

பென்சில் பின்தங்கிவிட்டது. மணிக்கட்டின் மற்ற நான்கும் மெர்லின் கொக்கியில் போய் முடிந்தன. அதோடு நின்றிருக்கலாம். வெள்ளம் நிற்குமா? உள்ளங்கை போயிற்று, விரல்கள் போயின, இடுப்பு போயிற்று, முழங்கால் சில்லு நல்ல விலைக்குப் போயிற்று. கண்ணாடிக் கதவுக்கு வெளியே கூட்டம் சேர்ந்தது. நூலகத்துக்காரர் வந்தார். துப்புரவு வண்டி வந்து நின்றது. மாயேலா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தாள்.

கடைசியாகக் கால் கட்டை விரல் நுனி எலும்பு. "யாருக்கு யாருக்கு யாருக்கு?" என்று சுற்றிப் பார்த்தாள் கெண்ட்ரா.

டாக்டர் ஓஸ்டர்கார்ட் போதும் என்று தலையை அசைத்தார்.

"யெப்," என்று அறை அதிரக் கத்தினாள் கெண்ட்ரா. "வித்தாச்சு."

டாக்டர் கேட்டார்: "நான் இப்ப ஒரு கால் விரல் வாங்கிட்டேனா?"

"தலையை ஆட்டினீங்களே, டாக்டர்."

டாக்டர் மேஜைக்குத் திரும்பி இரண்டு தாள்களிலும் ஏதோ எழுதினார். எழுதும்போது அவருடைய முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. "கையை எடுத்துக்கலாம். முதல்ல மூக்கைத் துடைங்க," என்றார்.

சனிக்கிழமை காலை, ஏலம் தொடங்கும் முன், ஓட்டல் அடுப்படியில் நின்று இருவரும் ஒரே நேரத்தில் அவரவர் செல்போனில் விண்ணப்பத்தை அனுப்பினார்கள். இருவருக்கும் உடற்கூறில் 'ஏ'. மாயேலாவின் விரலில் மாவு. "போச்சுடி," என்றாள் மாயேலா. "போயே போச்சு," என்றாள் கெண்ட்ரா. இருவரும் கட்டிக்கொண்டு குதித்ததில் ஒரு தட்டு பை கீழே விழுந்தது. அதையும் அள்ளிச் சாப்பிட்டார்கள்.

ஏலம் பாதி நடந்திருக்கும். வாசல் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் ஓஸ்டர்கார்ட் உள்ளே வந்தார். பை சாப்பிட வந்ததாக மாயேலாவிடம் சொன்னார். ஆனால் நடு வரிசையில் போய் உட்கார்ந்தார். ஆர்லோவைப் பார்த்தார். டெலோரஸைப் பார்த்தார். மெர்லின் சுண்டு விரலை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வளையத்துக்குள் ஒரு செவலைக் கிடேரி வந்தது. எல்டன் பாட ஆரம்பித்தார். எங்கிருந்தோ ஒரு ஈ வந்து டாக்டரின் மூக்கு நுனியில் உட்கார்ந்தது.

டாக்டர் அசையவில்லை. மூக்கு சிவந்தது. கண்ணில் நீர் கட்டியது. எல்டன் அதைப் பார்த்துவிட்டுப் பாட்டை அங்கேயே நிறுத்தினார். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கெண்ட்ரா கம்பைத் தடுப்பில் சாய்த்துவிட்டு, கம்பிக் கதவைத் திறந்து படி ஏறிப் போனாள்.

"அசையாம இருங்க, டாக்டர்," என்று சொல்லி ஈயை மெல்ல விரட்டினாள்.

"உன் முதல் நோயாளி பொழைச்சாச்சு," என்று எல்டன் ஒலிபெருக்கியில் அறிவித்தார். "இப்ப வந்து மாட்டைக் கவனி. கிடேரிக்கு யாரு?"

கெண்ட்ரா திரும்பி இறங்கும்போது ஓரப் பெஞ்சில் லவெர்னின் கை மேலே போய் இடது காது மடலை இழுத்தது. அவள் வாய் தானாகத் திறந்தது. ஆனால் ஒரு நொடி பொறுத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். லவெர்னுக்குப் புரிந்தது. அவளுக்காகவே பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தது சிரிப்பு.

அதற்கப்புறம்தான் அவள் கத்தினாள்.

"யெப்."